ஆர்ட்டிங்கில் வீடு வாங்கலாமா என்று கேட்ட மன்னார்குடித் தம்பிக்கு

தம்பி, குளிர், இட்லி மாவு, பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாம் வந்து இறங்கினால் தானாகப் பிடிபட்டுவிடும். அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து ஆர்ட்டிங் ஊரில் மலை தெரிகிற மாதிரி புது வீடு, சியாட்டிலை விட விலை குறைவு, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

அந்த மலை ரெய்னியர் எரிமலை. நெருப்புக் குழம்பு ஆர்ட்டிங் வரைக்கும் வராது. பயப்பட வேண்டியது லஹார் என்கிற எரிமலைச் சேற்று வெள்ளத்துக்கு. உச்சியில் கிடக்கும் பனிப்பாறை உருகியோ, சரிவு பெயர்ந்தோ, கல்லும் மரமும் சேறுமாகக் காங்கிரீட் கலவை போல ஆற்றோடு இறங்கும். மலை வெடிக்காமலேகூட வரலாம். சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்த சேற்றின் மேல்தான் ஆர்ட்டிங் இருக்கிறது. வீடு கட்டத் தோண்டினால் அன்றைக்குப் புதைந்த மரங்களின் அடிக்கட்டை வருகிறது. 2000-இல் 4,000 பேர்கூட இல்லாத ஊர், 2020-இல் 9,000-ஐத் தாண்டிவிட்டது.

நம்ம டெல்டாக்காரர்களுக்கு இதில் தனி ஆபத்து. சமதரை, இரண்டு பக்கமும் ஆறு என்றதும் மனசு அங்கேயே நின்றுவிடும். வண்டலைக் கண்டால் நமக்கு நெல்தானே நினைவுக்கு வரும்? ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர நாள் கணக்காகும். இங்கே லஹார் எச்சரிக்கைச் சைரன் ஊதினால் ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். கார் எடுத்தால் நெரிசலில் மாட்டுவீர்கள், நடந்தே மேடேற வேண்டும். 2024 மார்ச்சில் சுமார் 45,000 பள்ளிப் பிள்ளைகள் ஒத்திகை பார்த்தது இதற்குத்தான். கொலம்பியாவில் ஆர்மெரோ ஊருக்கு 1985 நவம்பர் 13 அன்று இதே மாதிரி எரிமலைச் சேறு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆபத்து வரைபடமும் முந்தின மாசமே வந்திருந்தது. அப்படியும் 20,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

நம்ம ஆட்கள் ஸ்கூல் ரேட்டிங்கை அலசிப் பிழிவார்கள், லஹார் வரைபடத்தைத் திறக்க மாட்டார்கள். சொன்னால், "அண்ணே, நம்ம காலத்திலயா வரப்போகுது?" எனக்குக் கோபம்தான் வரும்.

வாங்குவதானால் மேட்டில் வாங்குங்கள். போனி லேக், சவுத் ஹில் பக்கம் பாருங்கள். விலை கூடத்தான், கொடுக்கலாம்.

நான் வந்த புதிதில் ஆர்ட்டிங்குக்குப் பக்கத்து ஊரான ப்யூயாலப்பில் வாடகை அறை. வீட்டுக்காரர் ஹீட்டர் பற்றியும் குப்பை எடுக்கிற நாள் பற்றியும் சொன்னார், சைரனைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு மத்தியானம் அது ஊதியதும் குலை நடுங்கிவிட்டது. மாதாந்திரச் சோதனைதான் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி தேற்றினார். மேட்டுக்குப் போகும் பாதையையும் அன்றைக்கே கூட நடந்து காட்டினார். அதன் பிறகு வந்த நம்மூர்க் குடும்பங்களை நானும் அதே பாதையில் கூட்டிப் போயிருக்கிறேன். நீங்கள் வந்ததும் சொல்லுங்கள்.