லினக்ஸ் உறங்கும்போது பேட்டரி சார்ஜாவதை யார் கவனிக்கிறார்கள்?

பெரும்பாலான மடிக்கணினிகளில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அந்தப் பொறுப்பே இல்லை. தனிச் சிப் ஒன்று விழித்திருந்து பார்த்துக்கொள்கிறது. அப்படியொரு காவல் இல்லாத சிறு கருவிகளில்தான் சிக்கல்.

லித்தியம் அயான் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால், கிராஃபைட் முனையின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும். உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும் அபாயமும் உண்டு. ஆகவே யாராவது வெப்பநிலையை அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

இதற்காகவே லினக்ஸில் ‘சார்ஜர் மேனேஜர்’ என்ற டிரைவர் (வன்பொருளைக் கையாளும் மென்பொருள்) சேர்க்கப்பட்டது. உறங்குமுன் கடிகாரச் சிப்பில் அலாரம் வைப்பார்கள். அது அடித்ததும் கெர்னல் அரைத்தூக்கத்தில் எழும். திரை ஒளிராது, ஆப்கள் உறைந்தபடியே இருக்கும். வெப்பம் வரம்பு மீறியிருந்தால் சார்ஜை நிறுத்திவிட்டு, ‘சஸ்பெண்ட் அகெய்ன்’ என்ற அழைப்பின் வழியே மறுபடி உறங்கிவிடலாம். மிக அழகான ஏற்பாடு இது. ஆனால் அலாரம் இடைவெளியை மிகவும் குறைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு விழிப்பும் மின்சாரத்தைத் தின்னும்.