ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயமா? கொக்குவில் வாசகருக்குப் பதில்

கேள்வி: கொக்குவிலில் ஹார்ட்வெயார் கடையும் அதோடு சேர்ந்த அலுமினிய வேலைத்தலமும் நடத்துகிறேன். கம்பனியாகப் பதியவில்லை, என் பெயரில்தான் வியாபாரம். 17 பேர் வேலை செய்கிறார்கள், அதில் மூன்று பொடியள் நாள்கூலி. "முதலாளிமார் எல்லாரும் ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி போட வேண்டும், புதுச் சட்டம் வந்திட்டுது" என்று ஒரு காப்புறுதி முகவர் சொல்கிறார். நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சானும் காப்புறுதி இல்லாவிட்டால் தண்டம் என்கிறார். எனக்கு வயது 49, ஆறு வருடமாகச் சீனி வருத்தம், குளிசையில் இருக்கிறேன். படிவத்தில் அதை எழுத வேண்டாம் என்றும் முகவர் சொல்கிறார். மனைவி அரச பாடசாலை ஆசிரியை. அம்மாவுக்கு 72. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முகவர் சொன்னது சரியல்ல. இலங்கையில் தனியார் முதலாளி தன் ஊழியருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனிமனிதருக்கும் இல்லை. உங்கள் மச்சான் சொன்னது அவர் இருக்கும் இடத்துக்குச் சரி. அமெரிக்காவில் 2010 இல் வந்த சட்டத்தின்படி, பகுதிநேரத்தாரையும் கூட்டிக் கணக்குப் பார்த்து 50 முழுநேர ஊழியருக்குச் சமமான ஆளணி உள்ள நிறுவனம் காப்புறுதி வழங்க முன்வர வேண்டும், இல்லாவிட்டால் தண்டம். அங்கே வாரம் 30 மணித்தியாலம் வேலை செய்தாலே முழுநேரம். தனிமனிதர் மீதான மத்திய அரசின் தண்டம் 2019 முதல் பூச்சியமாகிவிட்டது, ஆனால் நியூ ஜேர்சி அதே ஆண்டில் தன் மாநிலத்துக்கென்று ஒரு தண்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றில் எதுவும் கொக்குவில் கடையைத் தொடாது. முகவர் மறுபடி வந்தால் சட்டத்தின் இலக்கத்தையும் ஆண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் சட்டம் உங்களிடம் எதையும் கேட்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஊழியரின் உடல்நலத்தோடு தொடர்புள்ள கடமைகள் ஏற்கெனவே உங்கள் தலையில் இருக்கின்றன. காப்புறுதிக் கம்பனியிடம் போவதற்கு முன் அவற்றைச் சரிபாருங்கள்.

முதலாவது, வேலையில் நேரும் விபத்து. அலுமினிய வேலைத்தலத்தில் வெட்டும் சக்கரம் உடைந்து தெறிக்கலாம், லொறியிலிருந்து தகரம் இறக்கும்போது விரல் போகலாம், பொருத்து வேலைக்குப் போன இடத்தில் ஏணி சறுக்கலாம். வேலை காரணமாக, வேலையின்போது ஊழியர் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளி. இது 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். 2022 இல் அதைத் திருத்தியபோது உச்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் உள்ளே வந்தது. பலாலி வீதியில் காலை எட்டு மணிக்கு உங்கள் பொடியன் மோட்டார் சைக்கிளோடு விழுந்தால் அதுவும் உங்கள் கணக்குத்தான். தனிப்பெயர் வியாபாரம் என்பதால் அந்த 20 இலட்சம் கடையிலிருந்து மட்டுமல்ல, உங்கள் வீடு வளவிலிருந்தும் போகலாம். ஆகவே முதலில் எடுக்க வேண்டியது மருத்துவக் காப்புறுதி அல்ல, இந்த நட்டஈட்டுக்கான காப்புறுதி.

அதில் எங்கே பிழை நேர்கிறது என்றும் பாருங்கள். கட்டுப்பணத்தை, அதாவது காப்புறுதிக் கம்பனிக்கு நீங்கள் கட்டும் தொகையை, கணிப்பது நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளத் தொகையையும் தொழிலின் வகையையும் வைத்து. கட்டுப்பணம் குறையட்டும் என்று 17 பேரை 10 பேராகவோ, வேலைத்தல ஆட்களைக் கடை விற்பனையாளர்களாகவோ காட்டியவர்கள் விபத்து நடந்த பிறகு வெறுங்கையோடு நிற்கிறார்கள். நாள்கூலிப் பொடியள் மூவரையும் சேருங்கள். உங்கள் தொழிலுக்காக வேலை செய்பவர் நாள்கூலி என்பதால் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. இன்னொன்று: காயப்பட்டவரின் வீட்டுக்குப் போய் ஒரு தொகையைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று கையொப்பம் வாங்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கடதாசி சட்டம் கொடுத்த உரிமையை இல்லாமலாக்காது.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.ரி.எவ். ஊழியர் சேமலாப நிதியை எல்லாருக்கும் தெரியும்: ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஈ.ரி.எவ். அதற்கு மேலே முதலாளி மட்டும் கட்டும் 3 சதவீதம். மாதம் 40,000 ரூபா சம்பளக்காரருக்கு நீங்கள் 4,800 ரூபாவும் 1,200 ரூபாவும் கட்ட வேண்டும், அவருடைய சம்பளத்தில் 3,200 ரூபா வெட்டுவீர்கள். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு இது இல்லை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும், அவர் நாள்கூலியாக இருந்தாலும், இரண்டு நிதிக்கும் கட்டியாக வேண்டும்.

இதை மருத்துவக் காப்புறுதிப் பேச்சில் இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஈ.ரி.எவ். வெறும் சேமிப்பு அல்ல. தொடர்ந்து பணம் கட்டப்படும் உறுப்பினருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை பொருத்துதல், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுதல் ஆகியவற்றுக்கு அந்த நிதியில் உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. இதற்கு ஊழியரின் பையிலிருந்து ஒரு சதமும் போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்ட பாதுகாப்பு இது, உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடைக்குக் குறிப்பாக ஒரு சிக்கல் இருக்கலாம். 15 பேருக்குக் குறைந்த இடத்தில் ஊழியரின் பெயர்விபரத்தோடு மாதாமாதம் ஆர் 4 படிவம் போகும். 15 பேரோ அதற்கு மேலோ ஆனால் மாதப் பணம் மொத்தமாக ஆர் 1 படிவத்தில் போகும், யாருக்கு எவ்வளவு என்ற விபரம் அரையாண்டுக்கு ஒருமுறை இரண்டாம் படிவத்தில் போக வேண்டும். ஆள் கூடிய பிறகு பணத்தை மட்டும் கட்டிவிட்டு இரண்டாம் படிவத்தை மறந்தால், பணம் நிதிக்குப் போயிருக்கும், ஊழியரின் கணக்கில் ஏறியிருக்காது. அது தெரியவருவது அவர் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த பிறகுதான். கணக்குப் பார்ப்பவரிடம் கடைசி இரண்டு அரையாண்டுகளின் படிவப் பிரதியைக் கேளுங்கள். சம்பளத்தில் பாதியைப் பட்டியலிலும் மீதியைக் கையிலும் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கடையில் பெண் ஊழியர் இருந்தால் பிரசவ விடுமுறை 84 வேலைநாட்கள், சம்பளம் உங்களுடையது. 15 பேரைத் தாண்டியதால் ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடையும் உண்டு. இந்த இரண்டையும் இப்போது குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

இனி, கட்டாயமில்லாத மருத்துவக் காப்புறுதி. நல்ல வேலையாட்களை வைத்திருக்க அது உதவும், கொடுக்க முடிந்தால் கொடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் பணத்தை எந்தப் பகுதியில் போடுவது என்பதில் கவனம் வேண்டும். குழுக் காப்புறுதியில் இரண்டு பகுதி உண்டு: வைத்தியசாலையில் தங்கும் செலவு ஒன்று, வெளிநோயாளர் செலவு மற்றது. முகவர்கள் வெளிநோயாளர் பகுதியைத்தான் முன்னுக்குக் காட்டுவார்கள், கண்ணாடி, பல், தனியார் வைத்தியரைப் பார்க்கும் சனல் கட்டணம் என்று ஊழியருக்கும் பிடிக்கும். ஆனால் அந்தத் தொகையை வருட முடிவுக்குள் எல்லாரும் எடுத்துத் தீர்ப்பார்கள் என்று கம்பனிக்குத் தெரியும். அதையும் தன் நிர்வாகச் செலவையும் சேர்த்துத்தான் கட்டுப்பணம் கணிக்கும், கோரிக்கை கூடினால் அடுத்த வருடம் உயர்த்தும். 17 பேருக்கு அது தேவையில்லை. வெளிநோயாளர் செலவுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நீங்களே தீர்மானித்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு நேரே கொடுங்கள். கம்பனிக்குக் கட்டும் பணம் முழுவதும் தங்கும் செலவுக்குப் போகட்டும்.

குறைந்தது மூன்று கம்பனிகளிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பெயர், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், வேலை ஆகியவற்றைக் கொண்ட ஒரே பட்டியலை மூன்றுக்கும் கொடுத்தால்தான் ஒப்பிடலாம். கேட்க வேண்டியவை: முன்பே இருந்த நோய்க்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு உண்டா, காத்திருப்புக் காலமா? ஆண்டு உச்சத்துக்குள் ஒரு தடவைக்கான உச்சமும் அறை வாடகை உச்சமும் எவ்வளவு? சொன்ன தொகையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா? அரச வைத்தியசாலையில் தங்கினால் நாளொன்றுக்கு எவ்வளவு காசு? கடைசிக் கேள்வி யாழ்ப்பாணத்துக்கு மிக முக்கியம். உங்கள் ஊழியர்களில் பெரும்பாலானோர் போகப்போவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, புற்றுநோய் என்றால் தெல்லிப்பழைக்கு. அங்கே கட்டணப் பட்டியலே இல்லை. தங்கிய நாட்களுக்கு ரொக்கம் தரும் திட்டமாக இருந்தால்தான் அவர்கள் வீட்டுக்கு ஏதாவது போகும். இடையில் சேரும் ஊழியரை அன்றே எழுத்தில் அறிவியுங்கள், பட்டியலில் பெயர் ஏறும்வரை அவருக்குப் பாதுகாப்பு இல்லை.

வரியைப் பற்றி ஒரு குறிப்பு. எல்லா முழுநேர ஊழியருக்கும் ஒரே நிபந்தனையில் கொடுக்கும் மருத்துவச் செலவும் மருத்துவக் காப்புறுதியும் ஊழியரின் வருமானமாகக் கணக்கிடப்படாது. முகாமையாளருக்கு மட்டும் கொடுத்தால் அது அவருடைய சம்பளத்தோடு சேரும், மாதம் 150,000 ரூபாவைத் தாண்டினால் அவருக்கு வரி ஏறும். உங்கள் சொந்தக் காப்புறுதிக்குக் கட்டுவதை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. தனிநபர் மருத்துவக் காப்புறுதிக்கு முன்பு இருந்த வரிச் சலுகையும் 2023 முதல் இல்லை.

உங்கள் விடயத்துக்கு வருவோம். சீனி வருத்தத்தை எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று சொன்ன முகவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். மறைத்தது எப்படிப் பிடிபடும் தெரியுமா? கம்பனி துப்பறிய வேண்டியதில்லை. நீங்கள் வைத்தியசாலையில் சேரும்போது வைத்தியர் கேட்பார், நீங்களும் உண்மையைச் சொல்வீர்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் "நீரிழிவு, 6 வருடம்" என்று அவர் ஒரு வரி எழுதுவார். கோரிக்கையோடு நீங்களே அந்த அட்டையை இணைத்து அனுப்புவீர்கள். சிறுநீரகமோ இருதயமோ, சீனியோடு தொடர்புபடுத்தக்கூடிய எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க அந்த ஒரு வரி போதும், அதுவரை கட்டியதும் வீண். எழுதிக் கொடுத்தால் கூடுதல் கட்டுப்பணமோ, காத்திருப்புக் காலமோ, சில நோய்களுக்கு விலக்கோ வரும். எதற்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் அதற்கு வேறு வழி தேடலாம். படிவத்தை வெறுமையாகக் கையொப்பமிட்டுக் கொடுக்கவும் வேண்டாம், நிரப்பிய பிறகு ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.

தனியாக வாங்குவதற்கு முன் குழுக் காப்புறுதியில் உரிமையாளரையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். குழுவில் முன்பே இருந்த நோய்க்குச் சலுகை கிடைக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் சட்டப்படி ஊழியர் அல்ல என்பதால் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆயுள் காப்புறுதியோடு ஒட்டிய மருத்துவப் பாதுகாப்பைக் காட்டினால், கட்டும் பணத்தில் மருத்துவத்துக்கு எவ்வளவு போகிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிவிட்டு மனம் மாறினால், ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தை 21 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

மனைவியின் சம்பளப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதிக்கு ஒரு வெட்டு இருக்கும். அது அவருக்கு மட்டுமல்ல, கணவர் என்ற முறையில் உங்களுக்கும், பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கும் உரியது. மாதாமாதம் கட்டிக்கொண்டே ஒருநாளும் கோராத ஆசிரியர் குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் நிறைய. உங்களை உரிய முறையில் பதிந்திருக்கிறதா என்று பாடசாலை வழியாக வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் புதிதாக வாங்கப்போவது இதற்கு மேலதிகமாகத்தான், ஆகவே பெரிய தொகைக்குப் போகத் தேவையில்லை.

அம்மாவுக்கு 72 வயதில் புதிய மருத்துவக் காப்புறுதி தேட வேண்டாம். புதிதாகச் சேர்க்கும் வயதெல்லை பெரும்பாலும் 60, 65 ஓடு முடிந்துவிடும், கிடைத்தாலும் விலக்குப் பட்டியல் நீளம். அவருக்காக வங்கியில் நிலையான வைப்பு ஒன்றைப் போடுங்கள், ஐந்து இலட்சத்தில் தொடங்கினாலும் போதும். முழுத் தொகையையும் ஒரே பத்திரமாகப் போடாமல் ஒரு இலட்சப் பத்திரங்களாகப் பிரித்தால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்றவற்றின் வட்டி கெடாது. அம்மாவின் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து வட்டியிலிருந்து 10 சதவீத வரி பிடிக்காமல் செய்யலாம். கணக்கை அவர் பெயரில் மட்டும் திறக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரால் கையொப்பமிட முடியாது, பணம் வங்கியில் இருக்க நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்கி அலைய வேண்டி வரும். இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு உங்கள் பெயரையும் சேர்த்துத் திறவுங்கள்.