பைகளுக்குக் காவல் அம்மாவா?

கேள்வி: மே கடைசி வாரம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். ஒரு சனிக்கிழமையை யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். நான், மனைவி, 13 வயது மகன், மூன்றரை அடி உயரமுள்ள 6 வயது மகள், 68 வயது அம்மா. பெரிய ரைடு எதையும் விட்டுவிடக் கூடாது என்று கால் மணி நேரக் கணக்கில் எக்ஸெல்லில் அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். எனக்கும் மகனுக்கும் ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். மனைவிக்கும் பிடிக்கும், ஆனால் மகளோடு யாராவது இருக்க வேண்டுமே. அம்மாவுக்கு மூட்டு வலி. வாசல் பக்கம் நிழலில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வார், அவரே அப்படித்தான் சொன்னார். எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் முடிக்கலாம்? நீண்ட வரிசையில் நிற்காமல் போக உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: அட்டவணையைப் பார்த்தேன். காலை 10 முதல் மாலை 7 வரை 36 கட்டங்கள். நீங்களும் மகனும் நீல நிறத்தில், மனைவியும் மகளும் ரோஸ் நிறத்தில். அம்மாவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 68 வயதுப் பெண்மணி, பாஷை புரியாத கூட்டத்துக்கு நடுவே, ஒன்பது மணி நேரம் ஒரு பெஞ்சில், மூன்று பைகளோடு. "அவரே சொன்னார்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வேறு என்ன சொல்வார்? "என்னையும் எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போ" என்று மகனிடம் கேட்கிற அம்மாவை நம் ஊரில் எங்கே பார்த்தீர்கள்? தான் பாரமாகிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு நாள் முழுவதையும் கட்டியிருக்கிறீர்கள்.

பைக்கு லாக்கர் இருக்கிறது. நுழைவாயில் பக்கமே வாடகைக்குக் கிடைக்கும். கையில் எதையும் எடுத்துப்போக விடாத ரைடுகளுக்கு அங்கங்கே தனி லாக்கர் உண்டு. அது குறிப்பிட்ட நேரம்வரை இலவசம், நேரம் தாண்டினால் கட்டணம். அதனால் இறங்கியதும் முதல் வேலையாகப் பையை எடுத்துவிடுங்கள். போட்டோ கடையில் நின்று கதை பேசினால் மீட்டர் ஓடும். மூன்று பை எதற்கு? ஒன்று போதும்: ஆளுக்கொரு மழைக்கோட்டு, குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, அம்மாவின் மாத்திரை, தண்ணீர் பாட்டில். கட்டுச்சோறு வேண்டாம், வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள்.

இனி நாளைப் பற்றி. முதலில் சனிக்கிழமையை மாற்றுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடுவருட விடுமுறை மே கடைசியில்தான் தொடங்குகிறது, ஜூன் பாதிக்கு மேல் நீடிக்கும். மே மாதத்தில் வெசாக் (புத்த பூர்ணிமா) விடுமுறையும் பெரும்பாலும் வந்துவிடும். நம் ஊர்க் கோடை விடுமுறைக் கூட்டமும் அப்போது அங்கேதான் இருக்கும். ஒரு வாரம் முன்னால், செவ்வாய் அல்லது புதன் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டிக்கெட் தேதி போட்டே விற்கப்படுகிறது. தேதியை உறுதி செய்துவிட்டு வாங்குங்கள். திறக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மகளின் உயரம். மூன்றரை அடி என்றால் 106.7 செ.மீ. ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ் என்கிற படகு ரைடுக்குக் குறைந்தபட்சம் 107. மூன்று மில்லிமீட்டரில் குழந்தை அழுதுகொண்டு திரும்பும். இன்றே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் தட்டையாகப் புத்தகம் வைத்து, சென்டிமீட்டரில் அளந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, புஸ் இன் பூட்ஸுக்கு 100, கேனப்பி ஃப்ளையருக்கு 92. இவற்றில் பெரியவர் துணையோடு அவள் ஏறலாம். மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. அந்த இரண்டு ரோலர் கோஸ்டரும் அவளுக்கு இல்லை என்பதை இங்கேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். வாசலில் போய்ச் சொல்லாதீர்கள்.

அந்தப் பூங்கா நடுவில் ஒரு குளத்தை வைத்து வட்டமாகக் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் ஹாலிவுட் என்கிற பகுதி. வலப்பக்கம் போனால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, எகிப்து. இடப்பக்கம் போனால் மினியன் லேண்ட், ஃபார் ஃபார் அவே. இரண்டு வழியும் பின்பக்கம் லாஸ்ட் வேர்ல்டில் சந்திக்கும். உங்கள் குடும்பத்துக்கு இந்த அமைப்பே வழி காட்டுகிறது: இரண்டாகப் பிரிந்து, எதிரெதிர்த் திசையில் போய், பின்பக்கம் சேருங்கள்.

யார் எந்தப் பக்கம்? வலப்பக்கம் உங்கள் மனைவியும் மகனும். ஆமாம், மனைவி. "அவளுக்கும் பிடிக்கும், ஆனால்" என்று அரை வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். காலையில் திறந்ததும் கலாக்டிகாவின் இரண்டு தடங்களும் மம்மியும் அவர்களுக்கு. இடப்பக்கம் நீங்கள், மகளோடும் அம்மாவோடும். உங்கள் அம்மா, உங்கள் பொறுப்பு. மருமகளிடம் தள்ளிவிட்டுக் கோஸ்டரில் ஏறுவதற்குக் குடும்பப் பயணம் என்று பெயர் வைக்க முடியாது.

ஒன்பதே காலுக்கு வாசலில் இருங்கள். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடித்தால், பூங்காவுக்கு ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிறுத்தம். போர்டுவாக் என்கிற நடைபாதை வழியாக நடந்தும் போகலாம்தான், ஆனால் அம்மாவின் முழங்காலைக் காலையிலேயே செலவழிக்காதீர்கள். உள்ளே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். "எனக்கு எதுக்கு" என்பார். எடுத்துவிடுங்கள், நடக்கத் தோன்றும்போது நடக்கட்டும்.

நேரே மினியன் மேஹெம் ரைடு. மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில்தான் திறந்தது, அதனால் கூட்டம் அங்கேதான் முதலில் போய் மோதும். பின்பு அதே பகுதியில் பக்கி பூகி என்கிற சுழல் ராட்டினம். இதில் அம்மா பேத்தியோடு ஏறலாம். அடுத்து ஃபார் ஃபார் அவேயில் புஸ் இன் பூட்ஸ். மகளோடு நீங்கள் ஏறுங்கள், அம்மா எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். ஷ்ரெக் 4-டி உட்கார்ந்து பார்ப்பது, அது மூன்று பேருக்கும். இருக்கை கொஞ்சம் ஆடும், அசையாத இருக்கை இருக்கிறதா என்று பணியாளரிடம் கேளுங்கள்.

வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் 12 பேர், அடுத்தடுத்து வண்டி வந்துகொண்டே இருக்கும். வரிசை மலைப்பாம்பு மாதிரி தெரிந்தாலும் நகரும். கேனப்பி ஃப்ளையரில் ஒரு முறைக்கு நான்கே பேர். முப்பது பேர் நின்றாலே எரிச்சலாகும் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். குறைவான ஆட்களை ஏற்றும் ரைடுகளைக் காலையில் முடித்துவிடுங்கள், வேகமாக ஏற்றுபவற்றை மதியத்துக்குத் தள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சிங்கப்பூரில் மதியம் இடியோடு மழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் கலாக்டிகா, கேனப்பி, படகு எல்லாம் நிற்கும். கூரைக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, மினியன் மேஹெம் ஓடும். உங்கள் அட்டவணையில் கலாக்டிகா மாலை 4 மணிக்கு இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள்.

பகல் வெயிலில் லாஸ்ட் வேர்ல்டில் எல்லோரும் சேருங்கள். வாட்டர்வேர்ல்ட் காட்சி நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொண்டு, அரை மணி முன்னால் போய், தண்ணீர் தெறிக்கும் என்று குறிக்கப்பட்ட முன்வரிசைகளைத் தாண்டி மேலே அம்மாவை உட்கார வையுங்கள். நனைந்த புடவையோடு ஏசி அறைக்குள் அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். படகு ரைடையும் இப்போதே முடியுங்கள், மழைக்கோட்டு போட்டாலும் நனையும். நனைந்த குழந்தை சாப்பிடுவதற்குள் காய்ந்துவிடும். மாலையில் நனைந்தால் காயாது. எகிப்துப் பகுதியில் ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும். 12:30-க்குப் போனால் வரிசை. 11:30 அல்லது 2 மணி நல்லது. அம்மா மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுகிறவர் என்றால் 11:30.

இன்னொன்று. வெளியூர் போனால் அந்த வயதுப் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை தேடி எல்லோரையும் அலைய வைக்கக் கூடாதே என்ற பயம். அந்த ஊர்ப் புழுக்கத்தில் அது ஆபத்து. அவர் கேட்காமலே, ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும்போதும் கழிப்பறை எங்கே என்று நீங்களே காட்டிவிடுங்கள். பிறகு பாட்டிலைக் கையில் கொடுங்கள், குடிப்பார்.

மதியத்துக்கு மேல் ஆள் மாறுங்கள். மனைவி அம்மாவோடும் மகளோடும் நியூயார்க்கில் ஸ்பெகெட்டி ஸ்பேஸ் சேஸுக்குப் போகட்டும். மெதுவான, குளிர்ச்சியான ரைடு, அம்மாவுக்கும் சரிப்படும். நீங்களும் மகனும் மம்மி, மின்னல் இல்லையென்றால் கலாக்டிகாவும். அங்கே சிங்கிள் ரைடர் என்று தனி வரிசை இருக்கும்: காலியாகும் ஒற்றை இருக்கைகளை நிரப்புவதற்கு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, ஆனால் காத்திருப்பு பெரும்பாலும் வெகுவாகக் குறையும். டிரான்ஸ்ஃபார்மர்ஸிலும் அது உண்டு. மகளோடு போகும்போது மட்டும் பொது வரிசைதான்.

எக்ஸ்பிரஸ் பாஸ் ஐந்து பேருக்கு வாங்குவது வெட்டிச் செலவு. சாதாரண பாஸ் ஒரு ரைடுக்கு ஒரு முறைதான் செல்லும். மகள் ஏற முடியாத ரைடுக்கும் அம்மா ஏறப்போகாத ரைடுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். வார நாளில் போய், மேலே சொன்னபடி பிரிந்தால் தேவையில்லை. சனிக்கிழமையை மாற்றவே முடியாது என்றால் மட்டும் மனைவிக்கும் மகனுக்கும் முன்கூட்டியே வாங்குங்கள். விலை நாளுக்கு நாள் மாறும், கூட்ட நாளில் தீர்ந்தும் போகும்.

இத்தனைக்கும் பிறகு அம்மாவுக்கு உண்மையிலேயே இந்த நாளில் விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். அதை நீங்கள் கேட்டால் தெரியாது, மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டிகள் பேத்தியிடம் பொய் சொல்ல மாட்டார்கள். வேண்டாம் என்றால், செராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவுமாக இன்னொரு நாளை அவர் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுங்கள். பூங்கா நாளில் நீங்களோ மனைவியோ பாதி நாள் அவரோடு அறையில் தங்குங்கள். ஒரு கோஸ்டர் குறைந்தால் குறையட்டும்.

மூடும் நேரத்துக்குக் கடைசி அரை மணியில் வரிசைகள் மெலியும். டிரான்ஸ்ஃபார்மர்ஸை இன்னொரு முறை போக அதுதான் நேரம். ஆனால் மூடிய உடனே கிளம்பினால் சென்டோசா எக்ஸ்பிரஸில் நிற்கவும் இடம் இருக்காது. அம்மாவை உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்து, கூட்டம் வடிந்த பிறகு புறப்படுங்கள். திரும்பி வருவதற்கு ரயிலில் கட்டணம் கிடையாது.