700 இடுப்பில், 500 வங்கியில்

கேள்வி: நெல் வெட்டு முடிந்ததும் நானும் சிநேகிதனும் பங்குனியில் தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று 25 நாள் முதுகுப்பையோடு சுற்றப் போகிறோம். விமான ரிக்கெற்றுக்கும் வீசாவுக்கும் கட்டியாயிற்று. கையில் ஆளுக்கு 1,200 டொலர் மிச்சம். முழுவதையும் தாளாகவே கொண்டுபோ என்கிறார் மாமா. கார்ட் இருந்தால் காணும் என்கிறான் சிநேகிதன். எது சரி?
- வாசகர், பரந்தன்

பதில்: தம்பி, 700 டொலரைத் தாளாக எடுங்கள், 500 கணக்கில் கிடக்கட்டும். மாமா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தாய்லாந்துக் குடிவரவு மேசையில் ஆளுக்கு 20,000 பாத்துக்கு ஈடான காசைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அது ஏறத்தாழ 600 டொலர். அந்த இடத்தில் கார்டை நீட்டிப் பயனில்லை.

1,200ஐ 25ஆல் பிரித்து நாளுக்கு 48 என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் 200ஐ அவசரத்துக்கென்று ஒதுக்குங்கள். கம்போடியாவின் பழைய கோயில் நகரமான அங்கோர் பார்க்க மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டொலர் (ஒரு நாள் என்றால் 37). ஊர்விட்டு ஊர் போகும் பஸ், ரயிலுக்கு 138 வையுங்கள். மீதி 800, நாளுக்கு 32. அதிலும் 28தான் உண்டு என்று நினைத்துச் செலவழியுங்கள். நாடு மாறும் ஒவ்வொரு முதல் நாளும் சிம், வாடகை வண்டி, தெரியாத்தனம் என்று காசு கரையும். மிஞ்சும் நாலு நாலு டொலர் அதற்குத்தான்.

டொலரை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடமோ பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். கிளிநொச்சி, வவுனியாக் கிளைகளில் ஒரு வாரம் முன்னரே சொல்லிவைப்பது நல்லது. அனுமதியில்லாமல் காசு மாற்றும் உண்டியல்காரரிடம் வாங்கி அதில் கள்ளத்தாள் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? பெரும்பகுதியை 100, 50 தாள்களாகக் கேளுங்கள். பாங்கொக்கில் சிறிய தாளுக்கு வீதம் குறைவு. கம்போடியாவில் டொலரே கைமாறுவதால் 1, 5 தாள்களாக ஒரு 40 டொலர் தனியே வேண்டும். கிழிசல், பேனாக் கீறல், ஊசித்துளை உள்ள தாளை இங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்போடியாவில் சின்னக் கிழிசலுக்கே கடைக்காரர் தலையாட்டிவிடுவார். 100 தாளில் நீலப் பட்டி உள்ளது 2013க்குப் பின் வந்தது, அதையே கேட்டு வாங்குங்கள்.

பாங்கொக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் மாற்றுக்கூடங்களில் வீதம் மோசம். நகர ரயில் ஏறும் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், அங்கே நல்ல வீதம் தருவார்கள். கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

கார்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி புறப்படுமுன் வங்கிக்குச் சொல்லுங்கள். இலங்கை சிம்முக்கு ரோமிங்கும் தேவை. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண் (OTP) அந்த இலக்கத்துக்குத்தான் வரும். தாய்லாந்து ஏ.ரி.எம். வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாத்துக்குக் குறையாமல் கழிக்கும். 1,000 பாத் எடுத்தால் நூற்றுக்கு 22 போச்சு, 10,000 எடுத்தால் 2.2 தான். ஆகவே அடிக்கடி எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். ‘இலங்கை ரூபாயில் கணக்கிடவா?’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சம்மதித்தால் உங்கள் வங்கியின் வீதம் போய், இயந்திரக்காரர் வைத்த வீதம் வந்துவிடும். சில இயந்திரங்களில் காசு முதலில் வரும், கார்ட் பிறகுதான். காசை எண்ணிக்கொண்டே நடந்துவிடாதீர்கள்.

இனி, எங்கே வைப்பது? கடவுச்சீட்டும் பெரிய தாள்களும் உடுப்புக்குள் கட்டும் இடுப்புப் பையில். வியர்வை ஊறாமல் பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். அந்தப் பையைத் தெருவில் திறக்கவே கூடாது, காலையில் அறையிலேயே அன்றைய காசை எடுத்துச் சட்டைப்பைக்கு மாற்றுங்கள். அவசரக் காசு 200இல் 100ஐச் சிநேகிதனிடம் கொடுத்து, அவனுடைய 100ஐ நீங்கள் வைத்திருங்கள். ஒருவன் பறிகொடுத்தாலும் மற்றவனிடம் இருக்கும். இரவு பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடும் பையில் காசோ கார்டோ வேண்டாம், ஆட்கள் நித்திரையாக இருக்கும்போது அங்கே பை கிளறுவது பழைய தொழில். விடுதி அலுமாரிக்குப் பூட்டு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

வியட்நாமில் 20,000 டொங்கும் 500,000 டொங்கும் இரண்டுமே நீலத் தாள்கள். இருட்டில் மாறிப்போனால் 25 மடங்கு கொடுத்துவிடுவீர்கள், 500,000ஐத் தனியே வையுங்கள். மிஞ்சிய டொங்கை அந்த நாட்டிலேயே மாற்றிவிட்டு விமானம் ஏறுங்கள், வெளியே அதை வாங்க ஆள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.