ஓட்டுக்காகச் சொல்லும் பொய்க்குத் தண்டனை உண்டா? வேலூர் வழக்கறிஞரின் பதில்கள்

குடியாத்தம் வாசகர்: வக்கீல் சார், ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வேட்பாளர் மனைவியை அடித்து விரட்டியவர் என்று வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டார்கள். சுத்தப் பொய். அவர் தோற்றுவிட்டார். சட்டம் என்ன செய்யும்?

நம் சட்டம் உண்மையிலேயே பிடிக்கக்கூடிய பொய் இதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(4): ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றி, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று நம்பாமலோ, அவர் வெற்றியைக் கெடுக்கும் விதத்தில் பொய்த் தகவல் வெளியிடுவது ஊழல் நடவடிக்கை. ஜெயித்தவரோ, அவருடைய தேர்தல் முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ செய்ததாக நிரூபித்தால் வெற்றி செல்லாது. அந்தப் பொய்யால் எத்தனை ஓட்டு மாறியது என்று காட்டவேண்டியதில்லை. சம்மதத்தை நிரூபிப்பதுதான் கஷ்டம். அதனால் துண்டறிக்கையின் அடியில் அச்சகத்தார், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே 127ஏ பிரிவில் தனிக் குற்றம். ஆறு மாதம் வரை சிறை.

முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடவேண்டும். 46-ஆம் நாள் வந்தால் நானும் ஒன்றும் செய்யமுடியாது. அந்தத் தொகுதி வாக்காளராகிய நீங்களே போடலாம்.

காட்பாடி வாசகர்: போலீஸில் புகார் கொடுத்தால் உள்ளே வைப்பார்களா?

மாட்டார்கள். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 175-ஆம் பிரிவில் இந்தப் பொய்க்கு அபராதம் மட்டும்தான்.

அணைக்கட்டு வாசகர்: 2019-ல் நம் வேலூர் தேர்தலை நிறுத்தியது பொய்ப் பிரச்சாரத்துக்காகவா?

இல்லை, ஓட்டுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகப் பெரும் பணம் பிடிபட்டதற்காக. ஏப்ரல் 16-ல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல் ஓட்டுப்பதிவு நடந்தது.

ஆம்பூர் வாசகர்: தேர்தல் அறிக்கையில் சொல்லிவிட்டு ஏமாற்றுகிறார்களே, அது பொய் இல்லையா?

சட்டப்படி அது ஊழல் நடவடிக்கை இல்லை. கலர் டிவி, மிக்ஸி, கிரைண்டர் அறிவிப்புகளை எதிர்த்து நம் மாநிலத்திலிருந்து போன வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

ஆம்பூர் வாசகர் மறுபடி: அப்போ வேட்பாளரின் மானத்துக்குக் காவல் இருக்கிறது, ஓட்டுப் போடுகிறவனுக்கு இல்லையா?

வாணியம்பாடி ஆசிரியர் ஒருவர் குறுக்கிட்டு: அதற்கும் சட்டம் போட்டால் ஆளுங்கட்சி எதிர்க்கட்சிக்காரனைப் பிடித்துப் போடத்தான் உதவும், சார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாக்குறுதி நாளைய பேச்சு; நிறைவேறாததெல்லாம் பொய் ஆகாது. ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாகப் புள்ளிவிவரத்தோடு மேடையில் சொல்வது வேறு. அதற்கு நம்மிடம் சட்டம் இல்லாதது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். ஆசிரியரின் பயத்துக்கும் வழி உண்டு: அதிகாரத்தைப் போலீஸிடம் கொடுக்காமல் நீதிபதியிடம் கொடுக்கலாம். பிரிட்டனில் 2010 நாடாளுமன்றத் தேர்தலில் ஃபில் வூலஸ் என்ற வேட்பாளர் 103 ஓட்டில் ஜெயித்தார். எதிர் வேட்பாளரைப் பற்றித் துண்டறிக்கையில் பொய் சொன்னது நிரூபணமானதும் தேர்தல் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. சில மாதங்களில் முடிந்த வழக்கு! இங்கே ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் முடிவதில்லை, அதுதான் என் வருத்தம்.

கே.வி.குப்பம் வாசகர்: வாட்ஸ்அப்பில் வந்த பொய்க்கு யார் மேல் கேஸ் போடுவது?

இதே கேள்வி இன்று நாலாவது முறை. முதலில் அனுப்பியவரைத் தேடுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ், அதாவது அந்த மின்னணுப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசொல்லும் சான்றிதழ், இல்லாமல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் கொண்டுவந்தால் கோர்ட்டில் நிற்காது. 45 நாள், மறக்காதீர்கள்.

பேரணாம்பட்டு வாசகர்: ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கும் சென்னைதானா?

இல்லை, அதற்கு மாநிலச் சட்டம். மாவட்ட நீதிமன்றம், நம் சத்துவாச்சாரியிலேயே.

வேலூர் வாசகர்: மனைப் பட்டா மாற்றம்...

அதற்குத் தாலுகா ஆபீஸ், ஐயா.

குடியாத்தம் வாசகர் மறுபடி: துண்டறிக்கை ஒன்றுதான் கைவசம் இருக்கிறது. அச்சகப் பெயரும் இருக்கிறது. முடிவு வந்து 31 நாள் ஆகிவிட்டது.

இன்னும் 14 நாள் இருக்கிறது. அதை மடிக்காமல் உறையில் போட்டு, உங்கள் கையில் கொடுத்தவரையும் அழைத்துக்கொண்டு நாளைக்கே வாருங்கள்.