ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை) குழுவில் இருக்கும் எல்லோரும் ப்ளூஸ் வாசித்தே வளர்ந்தவர்களாக இருக்க வேண்டுமா?

தேவையில்லை. பெரும்பாலும் ஆளுக்கொரு திசையிலிருந்துதான் வருவார்கள். 1966இல் லண்டனில் உருவான கிரீம் குழுவையே பாருங்கள். எரிக் கிளாப்டன் ப்ளூஸில் ஊறிய கிதார் கலைஞர். டிரம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கர் ஜாஸ்காரர். பேஸ் கிதார் வாசித்தபடி பாடிய ஜாக் புரூஸோ கிளாஸ்கோ இசைக்கல்லூரியில் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய கருவி) பயின்றவர்! அவருடைய பேஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல் தனி மெட்டாகவே நகரும். அந்தக் குழுவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இவர்களை இணைப்பது 12 பார் அமைப்பு, அதாவது பன்னிரண்டு தாள அளவுகள் கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றிவரும் வடிவம். அடிப்படையில் மூன்றே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). ஜாஸ்காரர்களுக்கும் நன்றாகப் பழகியது. தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர்களுக்குக் ஒருவர் பாட மற்றவர்கள் பதிலாகப் பாடும் கேள்வி-பதில் பாணி முன்பே கைவந்திருக்கும். புகழ்பெற்ற ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் அப்படி வந்தவர்தான். செவ்வியல் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் நீளமும் குட்டையுமாக மாறிமாறி ஊசலாடும் ஷஃபிள் நடை பிடிபடக் கொஞ்சம் நாளாகும். அந்த ஊசலாட்டத்தைத் தாளில் முழுதாக எழுதிவிட முடியாது, கேட்டுக் கேட்டுத்தான் வரும்.