ட்ரோஜன் நீக்கப்பட்ட பிறகும் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: என் விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு ட்ரோஜனைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டதாக, விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபென்டர் சொல்கிறது. ஆனால் கணினியை மறுபடி இயக்கும்போதெல்லாம் அதே அறிவிப்பு வருகிறது. இது எப்படி உள்ளே வந்திருக்கும்? முழுமையாக நீக்குவதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த மடிக்கணினியின் வைஃபையைத் துண்டித்துவிட்டு, மீதியைக் கைப்பேசியில் படியுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அப்படிப்பட்ட நானே ஈசூனில் உள்ள என் வீட்டு மடிக்கணினியில் ட்ரோஜனை வரவழைத்துக்கொண்டவன் என்பதால், இதை அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன். எங்கள் சங்கத்தின் பொங்கல் மலருக்கு வந்த கட்டுரைகளில் பாதி பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. அவற்றை யுனிகோடுக்கு மாற்ற ஒரு செயலி வேண்டுமென்று இரவு பதினொரு மணிக்குத் தேடியபோது முதலாவதாக வந்த முடிவைச் சொடுக்கினேன். அதன் மேல் சிறிய எழுத்தில் 'விளம்பரம்' என்று குறித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கடவுச்சொல் இடப்பட்ட ஒரு ஜிப் கோப்பு இறங்கியது. கடவுச்சொல் அதே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. நிறுவும்போது வைரஸ் தடுப்பைச் சற்று நேரம் அணைத்துவைக்கும்படி ஒரு குறிப்பும் இருந்தது. அச்சகத்தார் அவசரப்படுத்திக்கொண்டிருந்ததால் அணைத்தேன். செயலி நன்றாகவே வேலை செய்தது. நாற்பது பக்கங்களும் ஒழுங்காக யுனிகோடுக்கு மாறின.

வேலை செய்தது என்பதுதான் இதில் முக்கியம். வைரஸ் மற்றக் கோப்புகளில் தொற்றிப் பரவும். வார்ம் எனப்படுவது வலையமைப்பின் வழியே தானாகவே ஊர்ந்து செல்லும். பயனுள்ள செயலி போல வேடமிட்டு வரும் ட்ரோஜனுக்கு இந்த இரண்டு திறனும் தேவையில்லை, ஏனென்றால் அதை உள்ளே அழைத்துச் செல்பவர் கணினியின் உரிமையாளரே. கிரேக்கர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்துகொண்டு டிராய் நகருக்குள் புகுந்த கதையிலிருந்து வந்த பெயர் இது. ஏமாந்தவர்களின் பெயரை ஏமாற்றும் நிரலுக்குச் சூட்டிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். நமக்கு இன்னும் பொருத்தமான கதை மெய்ப்பொருள் நாயனாருடையது. அந்த மன்னரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்தபோது, வாயில் காவலர்கள் எல்லாரும் அடியார் என்று வழிவிட்டார்கள். தத்தன் ஒருவன் மட்டும் இது தருணமன்று என்று தடுத்தான். அவனையும் மீறி முத்தநாதன் உள்ளே போனான். என் கணினியில் தத்தனாக நின்ற டிஃபென்டரை நானே அணைத்துவைத்தேன்.

இந்த உத்தி புதிதன்று. 1989 ஆம் ஆண்டில், எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல் வட்டு என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 பிளாப்பி வட்டுகள் அஞ்சலில் பலருக்கு அனுப்பப்பட்டன. அதில் நோய் அபாயத்தைக் கணக்கிடும் கேள்வித்தாள் உண்மையாகவே இருந்தது. ஆனால் கணினியை ஏறத்தாழ 90 முறை இயக்கிய பிறகு, கோப்புகளின் பெயர்களை எல்லாம் குழப்பிவிட்டு, பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லி அந்த நிரல் மிரட்டியது.

இன்று அது நுழையும் வழிகளில் பெரும்பாலானவை நீங்கள் அறிந்தவையே: திருட்டு மென்பொருள், கணினி விளையாட்டுகளில் குறுக்கு வழியில் வெல்ல உதவும் 'சீட்' நிரல்கள், மின்னஞ்சலில் ரசீது என்று வரும் இணைப்பு. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்துவிடுவதால், 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்னும் நிரல் வெறும் பிடிஎஃப் போலத் தோன்றும். அந்த மறைப்பை இன்றே நீக்கிவிடுங்கள். பலருக்கும் இன்னும் தெரியாத வழி ஒன்று உண்டு. 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்' என்று ஒரு பக்கம் கேட்கும். சொடுக்கியவுடன், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, கன்ட்ரோல் வி கொடுத்து, என்டர் தட்டும்படி சொல்லும். அதற்குள் அந்தப் பக்கம், விண்டோஸை நேரடியாக இயக்கும் ஒரு பவர்ஷெல் கட்டளையை, நகலெடுத்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிட்டிருக்கும். அதை இயக்குவது நீங்கள்தான். எந்த நேர்மையான இணையத்தளமும் இப்படிக் கேட்பதில்லை.

ஆகவே முதன்முதலாக அறிவிப்பு வந்த நாளுக்கு முந்திய சில நாட்களில் எதை இறக்கினீர்கள், எதைத் திறந்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எந்தச் சோதனை மென்பொருளையும்விட அந்த நினைவு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

இனி, வைஃபையைத் துண்டிக்கச் சொன்னதற்கான காரணம். நான் மறுநாள் டிஃபென்டரை மீண்டும் இயக்கியதும் அது ட்ரோஜனைப் பிடித்து நீக்கியது. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் எங்கள் சங்கத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் யாரோ கிரிப்டோ விளம்பரங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தும் அவர்கள் நுழைந்துவிட்டார்கள். இவ்வகை ட்ரோஜன்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்குச் சான்றாக உள்ள குக்கிகளையும் இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அள்ளி அனுப்பிவிடும். அந்தக் குக்கி கையில் இருப்பவரிடம் தளம் ஒருமுறைக் குறியீட்டை மறுபடி கேட்காது. கோப்பை நீக்கியதால், ஏற்கெனவே வெளியே போனது திரும்பி வரவில்லை; இணைப்பைத் துண்டித்தால் இனிமேல் போவதையாவது தடுக்கலாம்.

எனவே சுத்தம் செய்வதற்கு முன்பே, தொற்றில்லாத வேறொரு கருவியிலிருந்து கணக்குகளைக் காப்பாற்ற வேண்டும். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாமல், 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள்; திருடப்பட்ட குக்கி அப்போதுதான் செல்லாததாகும். அடுத்து வங்கி, பிறகு அரசுச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் கணக்கு. அறியாத பரிவர்த்தனை ஏதேனும் தென்பட்டால், இங்குள்ள வங்கிகள் வைத்திருக்கும் அவசர முடக்க வசதியால் கணக்கை உடனே நிறுத்திவிட்டுப் பிறகு வங்கியிடமும் காவல்துறையிடமும் பேசுங்கள். மோசடியா இல்லையா என்ற ஐயம் மட்டும் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். மடிக்கணினி அலுவலகத்துடையது என்றால் இதற்குமேல் எதையும் தொடாமல் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அறிவிப்பு ஏன் திரும்ப வருகிறது என்பதற்கு இப்போது வருவோம். டிஃபென்டர் நீக்குவது பெரும்பாலும் விளைந்த கோப்பை. அதை விளைவிக்கும் வேர் வேறிடத்தில் இருக்கும். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் புதைத்து வைத்த ஒரு பணியோ, தொடக்க நிரல்களின் பட்டியலில் சேர்ந்துகொண்ட ஒரு வரியோ, உலாவியின் நீட்டிப்பு ஒன்றோ, கணினி இயங்கும்போதெல்லாம் அதே கோப்பைப் புதிதாக இறக்கிக்கொண்டிருக்கலாம். பாதுகாப்பு வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அறிவிப்பில் காட்டப்படும் கோப்பின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் உருவான, பொருளற்ற பெயருள்ள பணிகளைத் தேடுங்கள். கூடவே டிஃபென்டர் சோதிக்காமல் விடும் இடங்களைக் குறிக்கும் 'விலக்குகள்' பட்டியலையும் அவசியம் பாருங்கள். நான் எதையும் சேர்க்காத அந்தப் பட்டியலில் என் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது, வீட்டில் எந்த அறையையும் பார்க்க வேண்டாமென்று காவலாளிக்கு உத்தரவு போயிருந்தது.

பிறகு டிஃபென்டரின் ஆஃப்லைன் சோதனையை இயக்குங்கள். அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஏறத்தாழ 15 நிமிடங்களில் தேடி முடிக்கும். ட்ரோஜன் இயங்காத நேரம் என்பதால் அதனால் ஒளியவும் முடியாது, தடுக்கவும் முடியாது. இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனரை வேறொரு கணினியில் இறக்கி, தம்ப் டிரைவில் கொண்டுவந்து இயக்கலாம். இறக்கிய 10 நாட்களில் அது காலாவதியாகிவிடும் என்பதால் பழைய பிரதியைப் பயன்படுத்த வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அறிவிப்பு வந்தால், அல்லது அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பவராக நீங்கள் இருந்தால், விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவதே சரி என்பேன். சுத்தமாகிவிட்டதா என்று வாரக்கணக்கில் சந்தேகப்படுவதைவிட ஒரு சனிக்கிழமையைச் செலவிடுவது மேல். நிறுவுவதற்கான தம்ப் டிரைவைத் தொற்றில்லாத கணினியில் தயாரியுங்கள். 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்ற எளிய வழியைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் முன்கூட்டியே நகலெடுத்துக்கொள்ளுங்கள், நிரல்களை எடுக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் செய்யவில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவி முடித்து, பதிவிறக்கக் கோப்புறையை அப்படியே திரும்ப ஒட்டிய ஐந்தாவது நிமிடத்தில் டிஃபென்டர் மீண்டும் அலறியது. எழுத்துரு மாற்றியை விரித்து வைத்திருந்த கோப்புறை, மலரின் கட்டுரைகளுக்கு நடுவில், நான் விட்ட இடத்திலேயே இருந்தது.